மெல்லினத்தில் ஒரு வாழ்த்து மடல்

பெல்லும் அடிக்காமல், கேட்டையும் தட்டாமல், வாசலில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குக் கோபம்தான் வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தாளிக்கக் கறிவேப்பிலை இல்லை. வாங்கப் போன எங்கள் வீட்டுக்காரர் கோச்சடை முழுக்கச் சுற்றுகிறாரோ என்னவோ, ஆளைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர். கையில் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம். கேட்டைப் பார்க்கிறார், தெருவைப் பார்க்கிறார், மறுபடி கேட்டைப் பார்க்கிறார்.

வெளியே வந்து, யார், என்ன வேண்டும் என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்குத்தான் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாதே! டாக்டர் வீடா, சாரைப் பார்க்கணுமா, தெரு மாறி வந்துட்டீங்களா என்று நானே வார்த்தைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் மடித்து வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

மணமகள் கார்த்திகா. அட, நம்ம பிள்ளை! பேச்சுப் போட்டி என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுத்து, மேடையில் ஏறினால் மணி அடிக்கும்வரை இறங்காத என் பழைய மாணவி. அவளுடைய அப்பாதான் இவர். பெயர் மலைச்சாமி. சமயநல்லூர்ப் பக்கம் வாழையும் நெல்லும் போடுகிறவர்.

மலைச்சாமி அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே வாய் திக்கும். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் திக்கியதையெல்லாம் எழுத்தைப் பிய்த்துப் போட்டு அச்சில் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் என்ன சொன்னாரோ அதை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பேச்சுக்கு எடுத்த நேரத்தை நீங்கள் மனதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டு வந்தது ஒரு வாழ்த்து மடல்.

பந்தி நேரத்துக் கவிதை

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டியானதும் இது ஒரு சடங்கு. மாப்பிள்ளையின் நண்பர்கள் கூட்டமாக மேடையேறுவார்கள். கண்ணாடி போட்ட பெரிய பிரேம். ஓரத்தில் இரண்டு கிளி, நடுவில் கவிதை, கீழே நண்பர்கள் பெயர் வரிசை. அதில் கொஞ்சம் குரல் உள்ளவன் மைக்கைப் பிடித்து உரக்க வாசிப்பான். வாசித்து முடித்துப் பிரேமைக் கையில் கொடுத்தால் போட்டோ.

அந்தக் கவிதைகளில் பாதி என் கைவண்ணம். பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் என்பதால் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் டீச்சரிடம் ஓடி வந்துவிடுவார்கள். நானும் முகம் கோணாமல் எழுதிக் கொடுப்பேன். சரி, கோணும். ஆனால் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வாசிக்கிற நேரம் சரியாகப் பந்தி நேரம். சனமெல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அழும், நாற்காலி இழுபடும், மேளம் வேறு. அர்த்தம் ஒருவர் காதிலும் விழாது. ஓசை விழும். அதனால் நான் ஓசையைத்தான் நம்புவேன். பொண்ணு பெயரின் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டு, அதே எழுத்தில் தொடங்கும் சொற்களாகக் கோத்துவிடுவேன். இலையில் கை வைத்தவர்கூட ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்.

முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்ததும் அதைத்தான்.

மலைச்சாமி அண்ணனை உட்கார வைத்துவிட்டு, பத்திரிகையின் பின்பக்கத்திலேயே எழுதத் தொடங்கினேன். க என்பது எனக்கு ரொம்பத் தோதான எழுத்து. காபி ஆறுவதற்குள் வந்துவிட்டது.

*காரிருளில் கைவிளக்காய்க் கண்விழித்த கார்த்திகா*
*காலமெலாம் கைகோத்துக் களிப்புடனே வாழ்ந்திடுக!*

எப்படி என்று பெருமையாகப் பார்த்தேன். அவர் தாளை வாங்கிக் கண்ணால் ஓட்டினார். முகம் சுண்டிவிட்டது. யார் வாசிக்கப் போகிறார்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள்தானே என்று கேட்டேன்.

"நான்தான் வாசிக்கணும் டீச்சர்" என்றார்.

திண்டுக்கல் திண்டுக்கல்

கொஞ்சம் வேறு பக்கம் போய் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எனக்கு ஒரு பாட்டுக் கச்சேரி. தேனிக்குப் போகும் வண்டியின் கண்டக்டர் "தேனி தேனி தேனி" என்று கூப்பிடும்போது, ஏதோ விருந்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கும். மெதுவாகப் போய் ஏறிக்கொள்ளலாம் என்று தோன்றும். பக்கத்து வண்டியில் "திண்டுக்கல் திண்டுக்கல் திண்டுக்கல்" என்று தட்டினால் போச்சு. திண்டுக்கல்லில் எனக்கு ஒரு சோலியும் கிடையாது. ஆனாலும் ஓடிப்போய் ஏறத் தோன்றும். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள்.

இரண்டும் ஊர்ப் பெயர்தான். ஒன்று ஆளை அழைக்கிறது, ஒன்று ஆளை விரட்டுகிறது. ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்தால் சொல்லுக்குள் இல்லாத ஒரு குணம் அதற்கு வந்துவிடுகிறது. இதைத்தான் கவிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். தாலாட்டில் பாருங்கள், ரகரமும் லகரமுமாக உருளும். பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டுமே! ஒப்பாரியில் ஆ, ஏ என்று நெடில் நீண்டுகொண்டே போகும். அழுகிறவளுக்கு மூச்சு விட இடம் வேண்டும். சண்டைப் பாட்டு என்றால் கசடதபற வரிசையாக வந்து நிற்கும்.

வகுப்பில் பிள்ளைகளிடம் மழையை இரண்டு விதமாக எழுதச் சொல்வேன். முதலில் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

*மெல்ல நனையும் மல்லி, மணமும்*
*மெலிந்து வருமே மண்ணை அள்ளி.*

*படபடக்கும் தகரக் கூரை,*
*தடதடக்கும் தெருவின் ஓடை.*

எது தூறல், எது கொட்டுகிற மழை என்று கேட்டால், கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவளும் சரியாகச் சொல்லிவிடுவாள். இத்தனைக்கும் இரண்டிலும் மழை என்ற சொல்லே கிடையாது.

இதையெல்லாம் இத்தனை வருடம் நடத்திவிட்டு, ஒரு ஓசை ஒரு மனிதனின் வாயில் என்ன பாடு படுத்தும் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவர் மலைச்சாமி அண்ணன்.

சொல்ல வராத பெயர்

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்.

அவருக்குத் தகராறு சொல்லின் தலையில்தான். கசடதப என்று எதில் தொடங்கினாலும் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசம் க. மகர, நகரச் சொற்கள் பெரும்பாலும் வந்துவிடும். அதனால் வாழ்க்கை முழுக்கச் சொல்லை மாற்றி மாற்றியே பேசிப் பழகிவிட்டார். டீக்கடையில் பஜ்ஜி தின்ன ஆசையாக இருக்கும், வாய் வடை என்று கேட்டுவிடும். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதுகூடக் கோச்சடை என்று கண்டக்டரிடம் சொல்ல வரவில்லை. தாண்டியிருக்கும் மேலக்காலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, கோச்சடையில் இறங்கியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

எல்லாவற்றையும் மாற்றலாம். பெற்ற மகள் பெயரை என்ன செய்ய? கார்த்திகை மாதம் பிறந்தவள் என்று மாமனார் வைத்த பெயர். இவருக்கு மீனா என்று வைக்க ஆசை. அத்தனை பேர் கூடியிருந்த சபையில் அந்த ம-கூட அன்றைக்கு அவர் வாயில் எழும்பவில்லை. கார்த்திகா என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவளை அம்மாடி என்றுதான் கூப்பிடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். விரலைப் பிடித்திருந்த குழந்தை அண்ணாந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு ஆரம்பித்தது. அப்புறம் போன் வந்தால் அவள், வாழைத்தார் ஏவாரி வந்தால் அவள், பேங்கில் அவள், ஆஸ்பத்திரியில் அவள். பேச்சுப் போட்டியில் அந்தப் பிள்ளை ஏன் அப்படிப் பொரிந்து தள்ளினாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சின்னதிலிருந்தே இரண்டு பேருக்காகப் பேசியிருக்கிறாள்.

"இம்புட்டு வருசமா எனக்காக அவதான் பேசுனா டீச்சர். அவ போறதுக்குள்ள ஒருவாட்டி நான் பேசணும். அம்புட்டுப் பேருக்கும் முன்னால அவ பேரைச் சொல்லணும்."

நேரே அடுப்படிக்குப் போனேன். குழம்பு தீய்ந்து கிடந்தது.

எங்கும், அங்கும், எங்கள்

முதலில் நான் குறுக்கு வழிதான் பார்த்தேன். பெயரை விட்டுவிட்டு மகளே என்று போட்டுவிடலாம் அண்ணே, கேட்க நன்றாக இருக்கும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் இல்லாவிட்டால் மடலே வேண்டாம் என்று பழச்சீப்பை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ரோசக்காரர்! பிடித்து உட்கார வைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதே நினைப்பு. மோனை சொல்லின் தலையில் இருக்கிறது. அவர் திக்குவதும் சொல்லின் தலையில்தான். ஆக, நான் பெருமையாக எழுதிய அந்த க வரிசை அவருக்கு முள்வேலி. எதுகை அப்படியில்லை, சொல்லுக்குள்ளே போன பிறகு வருவது. உள்ளே போய்விட்டால் அவர் பாட்டுக்குப் போய்விடுவார். அப்படியானால் ஒவ்வொரு சொல்லும் மெல்லினத்திலோ, இடையினத்திலோ, உயிரெழுத்திலோதான் தொடங்க வேண்டும். ஓசை விளையாட்டையெல்லாம் இரண்டாம் எழுத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, பெயர் வருகிற இடத்தில்? சொல்லிப் பாருங்கள்: எங்கும், அங்கும். ங-வும் க-வும் வாயில் ஒரே இடத்தில் பிறக்கிறவை, இரண்டுக்கும் அடிநாக்குதான். ங் என்று முனகிக்கொண்டே போனால் பின்னால் வருகிற க மெத்தென்று விழும். வரிசையாக நாலு வரியில் இந்த ஓசையை வைத்து நாக்கைப் பழக்கிவிட்டால், கார்த்திகா வரும்போது நாக்கு அதே இடத்தில் தயாராக இருக்குமே! இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. நம்பி எழுதினேன்.

*மண்ணும் நனைய மழையாய் வந்தாய்*
*மல்லி மணமாய் மனையில் நின்றாய்*
*என்னில் இல்லா மொழியும் ஆனாய்*
*எந்நாளும் என் வாயும் ஆனாய்*
*நுங்கின் நீரே, எங்கள் நிலவே,*
*எங்கள் வீட்டு இளமானே,*
*அங்கும் இங்கும் எங்கும் நீயே*
*எங்கள் அம்மா கார்த்திகா*

இதற்குப் பிறகு மாப்பிள்ளை நவீனுக்கும் சேர்த்து வாழ்த்து, நாலு வரி. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை எப்படி விட முடியும்?

கல்யாணம் வரைக்கும் ஞாயிறுதோறும் வந்தார். மகளுக்குத் தெரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உரம் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவாராம். முதல் வேலையாக என் வாய்க்குப் பூட்டுப் போட்டேன். அவர் ஒரு சொல்லில் நின்றால் நான் முடித்துக் கொடுக்கக் கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய தவம் என்று. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நானும் அவரும் சேர்ந்து வாசித்தால் ஆச்சரியம், ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ராகமாகச் சொன்னாலும் வரும். தனியாக வாசிக்கும்போதும் ஏழு வரி வந்துவிட்டது. மண்ணும் நனைய என்று ஆரம்பித்தால், அவருடைய வயலில் தண்ணீர் பாய்கிற மாதிரி ஓடும். கார்த்திகாவில் மட்டும் சில நாள் வரும், சில நாள் நிற்கும்.

எங்கள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "அண்ணே, எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு, நான் வந்து வாசிச்சிரவா?" என்று ஒருநாள் கேலி செய்தார். மலைச்சாமி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வேகத்தில் சொன்னபோது பெயர் பளிச்சென்று வந்தது. நான் மட்டும் பயத்தோடுதான் இருந்தேன். வீட்டில் சிரிக்க ஆள் இருக்கிறது. மண்டபத்தில் என்ன செய்வது?

மைக்

மண்டபம் சமயநல்லூரிலேயே. காலை முகூர்த்தம். கார்த்திகா கிளிப்பச்சையில் பட்டு கட்டியிருந்தாள். தாலி கட்டியாகி, அட்சதை விழுந்து, சனம் பந்தியைப் பார்த்துத் திரும்பியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆனையூரிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்கள் பிரேமைக் கொடுத்து, கைதட்டு வாங்கி, இறங்கிப் போனார்கள்.

பிறகு மலைச்சாமி அண்ணன் மேடையேறி மைக்குக்குக் கை நீட்டினார். மைக் பிடித்திருந்த தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய பங்காளி ஒருவர், இவன் எதுக்கு இப்ப மேலே ஏறுறான், பேச்சா வரும் இவனுக்கு என்று முணுமுணுத்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். வகுப்பில் பார்க்கிற பார்வை. அடங்கிவிட்டார்.

கார்த்திகாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத்தானே எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

"மண்ணும் நனைய மழையாய் வந்தாய்" என்று ஆரம்பித்தார்.

குரல் நடுங்கியது, ஆனால் ஓடியது. இரண்டாவது வரியில் சனம் நடப்பதை நிறுத்தியது. மலைச்சாமியா பேசுவது என்று சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். "எந்நாளும் என் வாயும் ஆனாய்" என்றபோது கார்த்திகா மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நுங்கின் நீர் வந்தது, இளமான் வந்தது. நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கும் இங்கும் எங்கும் நீயே. எங்கள் அம்மா.

நின்றுவிட்டது.

கழுத்து நரம்பு புடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டிய ங-வெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மைக் தம்பி பாவம், நல்ல எண்ணத்தில்தான், மைக்கை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். கார்த்திகாவின் வாய் திறந்தது. பழக்கம், வேறென்ன! தன் பெயரை அவளே சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மாலையோடு ஒரு எட்டு முன்னால் வந்து மைக் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, இருங்க. எங்கப்பா பேசுவாரு."

க வந்தது. நின்றது. மறுபடியும் க. இன்னொரு தடவை. மண்டபம் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது. முதல் எழுத்து திரும்பத் திரும்ப வருவதைத்தான் பிள்ளைகளுக்கு மோனை என்று நடத்துகிறேன். நான் எழுதிய எந்த மோனையிலும் இவ்வளவு ஆசை இருந்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன் என்கிற மாதிரி.

கார்த்திகா. வந்துவிட்டது!

கைதட்ட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கண் மறைத்தது. அந்தப் பங்காளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பெயர் உள்ள நாலு வரி இன்னும் பாக்கி இருந்தது. மலைச்சாமி அண்ணன் தாளைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை, மைக்கிலேயே, எந்தத் தடையும் இல்லாமல் கூப்பிட்டார்.

"கார்த்திகா."

"சொல்லுங்கப்பா" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."